திரும்பப் பெற இயலாத அஸ்திரம்

வானம் யாருக்குச் சொந்தம்? குழந்தைகள் கேட்கும் கேள்வி போல இது தோன்றலாம். ஆனால் இன்றைய உலகின் கடினமான அறக் கேள்விகளுள் இதுவும் ஒன்று. இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே நம் பேரக்குழந்தைகளின் வாழ்க்கை அமையும்.

சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பங்காருபாளையத்தை எடுத்துக்கொள்வோம். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறப் பகுதி அது. சுற்றிலும் மாந்தோப்புகள். தோத்தாபுரி மாங்காய்கள் அங்குள்ள சந்தைக்கு வந்து, கூழ் தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்கின்றன. மரம் பூக்கும் பருவத்தில் மழை பெய்துவிடுமா, காய் முற்றும் வேளையில் சூறைக்காற்று வீசுமா என்பதே தோப்புக்காரரின் கவலை. ஒரு தலைமுறைக்கு முன்பு அவர் மேகத்தைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். இன்று கைப்பேசியைப் பார்க்கிறார். அதில் வரும் வானிலைச் செய்திக்குப் பின்னால், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேகக் கூட்டங்களைப் படம்பிடிக்கும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் உள்ளன. பயிர்ப் பரப்பையும் நீர்நிலைகளையும் கணக்கிடுவதற்காக, 800 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன.

அந்த வட்டாரத்துக்கும் விண்வெளிக்கும் நெருங்கிய உறவு உண்டு. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கி என்னும் ஊரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இயங்குகிறது. கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது அது திருப்பதி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. ஏழுமலையானின் திருத்தலப் பெயர் தாங்கிய மாவட்டத்திலிருந்துதான் இன்று பாரதத்தின் ராக்கெட்டுகள் விண்ணுக்குச் செல்கின்றன.

ஆகவே, வானம் இப்போது எங்கோ தொலைவில் இல்லை. அங்கு ஆயுதம் நுழைந்தால், அதன் விளைவு மாந்தோப்பு வரை வந்து சேரும்.

ஏரியும் கரையும்

வறண்ட அந்தப் பகுதியில் முன்னோர் ஏரிகளை வெட்டி வைத்தனர். ஏரி ஊருக்குப் பொது. மதகின் வழியே முறைவைத்து நீர் பாய்ச்சினர். அண்டை நிலத்துக்காரர்களுக்குள் ஆயிரம் சண்டைகள் இருந்திருக்கலாம். ஆனால், எதிரியின் வயலை மூழ்கடிக்க வேண்டும் என்பதற்காக ஏரிக்கரையை வெட்டுவதை எந்த ஊரும் பொறுத்துக்கொண்டதில்லை. ஏன்? கரையை உடைத்துப் புறப்படும் வெள்ளம் பட்டா பார்த்துப் பாய்வதில்லை. வெட்டியவனின் வயலும் அடுத்த கோடையில் காய்ந்து போகும்.

பொதுவான ஒன்றைப் பகைக்குக் கருவி ஆக்கக்கூடாது என்ற இந்த எளிய ஊர் தர்மமே விண்வெளிச் சட்டத்தின் உயிர்நாடி.

அந்தச் சட்டம் அச்சத்திலிருந்து பிறந்தது. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா, பசிபிக் பெருங்கடலுக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பில் எழுந்த கதிர்வீச்சு விண்ணில் தங்கிச் செயற்கைக்கோள்களைச் சிதைத்தது. அவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடான பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1. அமெரிக்காவின் சொந்தத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான டெல்ஸ்டாரும் பாதிக்கப்பட்டது. பகைவனை அச்சுறுத்த வெடித்த குண்டு நண்பனையும் வெடித்தவனையுமே தாக்கியது!

மறு ஆண்டே, 1963-இல், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை உருவானது. 1967 ஜனவரி 27 அன்று விண்வெளி உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பாரதம் அதில் 1967-இல் கையெழுத்திட்டு, 1982-இல் உறுதி செய்தது. இன்று 110-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன.

அதன் சாரம் இதுதான்: விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் மனிதகுலம் முழுவதற்கும் உரியது. எந்த நாடும் விண்வெளியையோ நிலவையோ தனக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாட முடியாது. அணு ஆயுதங்களையோ பேரழிவு ஆயுதங்களையோ சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது. நிலவும் பிற கோள்களும் அமைதிப் பணிக்கே உரியவை. ஒரு நாட்டின் செயல் பிற நாடுகளுக்குத் தீங்காகலாம் என்று தோன்றினால், முன்னதாகவே கலந்து ஆலோசிக்க வேண்டும்.

பனிப்போரின் உச்சத்தில், ஒருவரையொருவர் நம்பாத இரண்டு வல்லரசுகள் இவ்வளவு தூரம் இணங்கி வந்தது பெரிய செயல்தான். எனினும் அதில் ஒரு வாசல் திறந்தே விடப்பட்டது. பேரழிவு ஆயுதம் கூடாது என்ற உடன்படிக்கை, சாதாரண ஆயுதம் பற்றி எதுவும் சொல்லவில்லை. தரையிலிருந்து ஏவுகணையைச் செலுத்திச் செயற்கைக்கோளை உடைப்பது பற்றியும் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. அந்த வாசல் வழியாகத்தான் பின்னால் வந்தவர்கள் நுழைந்தார்கள்.

ஒரே ராக்கெட்டில் இரண்டு பயணிகள்

2019 ஜனவரி 24 அன்று இரவு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-44 ராக்கெட் புறப்பட்டது. அதில் மைக்ரோசாட்-ஆர் என்ற 740 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள் இருந்தது. உடன் கலாம்சாட் என்ற சிறிய செயற்கைக்கோளும் இருந்தது. சென்னையைச் சேர்ந்த மாணவர்களின் உழைப்பில் உருவாகி, அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்டது அது.

இரண்டு மாதங்கள் கழித்து, 2019 மார்ச் 27 அன்று, ஒடிசா கடற்கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவிலிருந்து ஓர் ஏவுகணை பாய்ந்தது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் அது மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை நேருக்கு நேர் மோதி உடைத்தது. ‘மிஷன் சக்தி’ என்று அச்சோதனைக்குப் பெயர். அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவற்றுக்கு அடுத்து இத்திறன் பெற்ற நான்காவது நாடு பாரதம் என்று பிரதமர் அன்று அறிவித்தார்.

ஒரே ராக்கெட்டில் மாணவர்களின் கனவும் ஏவுகணையின் இலக்கும் சேர்ந்து சென்றன. ஒரே பெரியவரின் பெயர் செயற்கைக்கோளிலும் இருந்தது, ஏவுகணை புறப்பட்ட தீவிலும் இருந்தது. மனித அறிவின் இரட்டை முகத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

நம் விஞ்ஞானிகள் பொறுப்பின்றி நடந்துகொள்ளவில்லை. சிதறல்கள் விரைவில் கீழிறங்கி எரிந்துவிட வேண்டும் என்பதற்காகவே தாழ்ந்த பாதையில் உள்ள இலக்கைத் தேர்ந்தெடுத்தனர். எந்த நாட்டுக்கும் எதிரானது அன்று இச்சோதனை என்றும், விண்வெளியில் ஆயுதப் போட்டியில் இறங்கும் எண்ணம் இல்லை என்றும் அரசு தெளிவுபடுத்தியது. பெரும்பாலான துண்டுகள் எதிர்பார்த்தபடி சில வாரங்களிலும் மாதங்களிலும் எரிந்தன. ஆனால் மோதலின் வேகம் சில துண்டுகளை மேல்நோக்கி எறிந்துவிட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதையையும் தாண்டி 24 துண்டுகள் உயர்ந்ததாக அமெரிக்காவின் நாசா அமைப்பின் தலைவர் கவலை தெரிவித்தார். கண்காணிப்பில் இருந்த கடைசித் துண்டு விழுந்து எரிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின.

இத்தனை கவனத்துடன் செய்தும், செயலின் பலனைச் செய்தவர் முழுமையாகக் கட்டுப்படுத்த முடியவில்லை. இங்குதான் அறக் கேள்வி தொடங்குகிறது.

பொடியானது அழிந்துவிடுமா?

ஒரு பொருளை உடைத்துப் பொடியாக்கிவிட்டால் அது தீர்ந்தது என்று பூமியில் நாம் நினைக்கிறோம். விண்வெளியில் அப்படியில்லை. அங்கு காற்று மிக மிக மெலிந்தது. உடைந்த துண்டு நொடிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சிறு ஆணி அளவுள்ள துண்டும் அந்த வேகத்தில் ஒரு செயற்கைக்கோளைப் பாழாக்கப் போதுமானது. உயரம் கூடக் கூட, கீழே விழுவதற்கான காலமும் கூடுகிறது. 300 கிலோமீட்டரில் மாதங்கள் ஆகும். 800 கிலோமீட்டருக்கு மேல் அது நூறாண்டுக் கணக்காகிவிடும்.

2007 ஜனவரி 11 அன்று சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை ஏறத்தாழ 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தது. கண்காணிக்கத்தக்க அளவிலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் தோன்றின. அவற்றில் பெரும்பகுதி இன்றும் சுற்றுகின்றன. மாந்தோப்புகளையும் ஏரிகளையும் கண்காணிக்கும் நம் ரிசோர்ஸ்சாட் பயணம் செய்வதும் அந்த உயரத்துக்கு அருகில்தான்!

2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் ஒன்றை உடைத்தது. 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அப்போது விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தத்தம் விண்கலங்களுக்குள் தஞ்சம் புக நேர்ந்தது. அவர்களுள் இந்திய வம்சாவளியினரான ராஜா சாரியும் இருந்தார். இருவர் ரஷ்யர்கள். தன் நாட்டு வீரர்களையே அச்சுறுத்திய அஸ்திரம் அது.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டதை நாடே கண்டு மகிழ்ந்தது. விண்ணில் சுற்றும் பொருள்களோடு மோதல் நேராமல் இருக்க, அந்த ஏவுதல் நான்கு நொடிகள் தள்ளி வைக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். அதே மாதம் 30-ஆம் தேதி புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-56 ஒரு நிமிடம் காத்திருந்தது. சாலை காலியாவதற்காக ஓரத்தில் நிற்கும் வழிப்போக்கனின் நிலைக்கு நிலவுக்குச் செல்லும் கலமும் வந்துவிட்டது.

சட்டம் எண்ணத்தைப் பார்க்கிறது. வேண்டுமென்று செய்ததற்கும் தவறி நேர்ந்ததற்கும் வேறுபாடு காண்கிறது. அது நியாயமே. ஆனால் விண்வெளி அந்த வேறுபாட்டை அறியாது. 2001-இல் நமது பி.எஸ்.எல்.வி. சி-3 ராக்கெட்டின் கடைசி நிலை, தன் பணி முடிந்தபின் விபத்தாக உடைந்து நூற்றுக்கணக்கான துண்டுகளானது. அதில் பகை இல்லை, கர்வம் இல்லை. ஆயினும் துண்டுகள் துண்டுகளே. விபத்தே இவ்வளவு சுமையைத் தருமானால், தெரிந்தே அச்சுமையைக் கூட்டுவதற்கு எவ்வளவு பெரிய காரணம் வேண்டும்!

எது ஆயுதம்?

அப்படியானால் விண்வெளியில் ஆயுதமே கூடாது என்று ஒரு சட்டம் இயற்றிவிடலாமே என்று தோன்றும். உலக நாடுகள் 1980-களின் தொடக்கத்திலிருந்தே இதற்காக ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானங்கள் நிறைவேற்றி வருகின்றன. ஜெனீவாவில் நடைபெறும் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் ரஷ்யாவும் சீனாவும் 2008-இல் ஒரு வரைவு உடன்படிக்கையை முன்வைத்து, 2014-இல் அதைத் திருத்தி அளித்தன. அது இன்றுவரை உடன்படிக்கையாக மலரவில்லை. அனைவரும் ஒருமித்து இசைந்தாலன்றி அம்மாநாட்டில் எதுவும் நகராது என்பது ஒரு காரணம். தரையிலிருந்து ஏவப்படும் ஏவுகணையை அந்த வரைவு தடுக்கவில்லை என்பதும், சோதித்து அறியும் வழி அதில் இல்லை என்பதும் பிறர் கூறும் குறை.

ஆழமான காரணம் வேறொன்று. எதை ஆயுதம் என்பது? 2025 ஜனவரி 16 அன்று நம் இஸ்ரோ இரண்டு சிறிய விண்கலங்களை விண்ணில் ஒன்றோடொன்று இணைத்து வெற்றி கண்டது. பழுதுற்ற செயற்கைக்கோளைச் சீர்செய்யவும், விண்வெளி நிலையம் அமைக்கவும் இத்திறன் தேவை. பிறர் செயற்கைக்கோளை நெருங்கி முடக்க விரும்புபவனுக்கும் இதே திறன்தான் தேவை. மாங்கிளை கழிக்கும் அரிவாளைத் தடை செய்ய முடியுமா? அரிவாளை ஆயுதமாக்குவது அதைப் பிடித்திருக்கும் மனம்.

மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் வரும் நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. நள்ளிரவில் உறங்குபவர்களைக் கொன்ற அசுவத்தாமனைப் பாண்டவர்கள் துரத்திச் செல்கின்றனர். கங்கைக் கரையில் அகப்பட்ட அவன் கையில் அப்போது ஆயுதம் ஏதும் இல்லை. ஒரு புல்லைக் கிள்ளி எடுத்து, அதில் மிகக் கொடிய அஸ்திரத்தை ஆவாகனம் செய்து ஏவுகிறான். புல்லும் அஸ்திரமாகும் என்றால், ஆயுதங்களின் பட்டியலை எந்தச் சட்டம் எழுதி முடிக்கும்?

ஆகவேதான், பொருளை விட்டுச் செயலைத் தடுக்கலாம் என்ற எண்ணம் அண்மையில் வலுப்பெற்றுள்ளது. செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனைகளை இனி நடத்துவதில்லை என்று 2022 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அவ்வாறே உறுதி கூறின. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இதை வலியுறுத்தும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 155 நாடுகள் ஆதரித்தன. 9 நாடுகள் எதிர்த்தன. பாரதம் உள்ளிட்ட 9 நாடுகள் எப்பக்கமும் சேராமல் நின்றன. தாமாக ஏற்கும் உறுதிமொழியைவிட, அனைவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையே வேண்டும் என்பது நம் நாட்டின் நிலைப்பாடு.

மறுப்பும் விடையும்

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ‘நூறு சோதனை செய்து முடித்தவர்கள் இப்போது நமக்கு அகிம்சை போதிக்கிறார்கள். அணு ஆயுத விஷயத்தில் 1967-க்கு முன் வெடித்தவர்கள் உரிமை பெற்றவர்களாகவும், பின் வந்தவர்கள் குற்றவாளிகளாகவும் ஆக்கப்பட்டார்கள். அது மீண்டும் நடக்க நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? அண்டை நாடு அஸ்திரம் வைத்திருக்கும்போது, தன்னைக் காத்துக்கொள்வது அரச தர்மம் அல்லவா?’

இதில் உண்மை இருக்கிறது. வலிமையற்றவன் தான் எவரையும் அடிப்பதில்லை என்று சொல்வதற்குப் பொருள் இல்லை. உள்ளவன் விடுவதே துறவு. இல்லாதவன் விடுவதற்கு என்ன இருக்கிறது? தற்காப்பு அரசின் கடமை என்பதையும் நம் சாஸ்திரங்கள் மறுக்கவில்லை.

ஆனால் மகாபாரத நிகழ்ச்சியின் மறுபாதியையும் நாம் பார்க்க வேண்டும். அசுவத்தாமன் அஸ்திரம் ஏவியதும் அர்ஜுனனும் அதற்கு ஈடான அஸ்திரத்தை ஏவினான். அது தற்காப்பே. இரண்டு நெருப்புகளும் உலகை எரித்துவிடும் என்ற நிலையில், வியாசரும் நாரதரும் இடையில் வந்து நின்றனர். அர்ஜுனன் உடனே தன் அஸ்திரத்தைத் திரும்பப் பெறத் துணிந்தான். தான் திரும்பப் பெற்றால் எதிரியின் அஸ்திரம் தங்களை எரித்துவிடுமே என்ற அச்சம் அவனுக்கும் இருந்தது. அதை மறைக்காமல் முனிவர்களிடம் சொல்லி, தங்கள் நன்மைக்கு வழி செய்யுமாறு கேட்டுக்கொண்டான். பிறகு திரும்பப் பெற்றான். அசுவத்தாமனோ திரும்பப் பெற முயன்றும் முடியாமல் தவித்தான். ஏவுவதற்குத் தேவையான வித்தை அவனிடம் இருந்தது. திரும்பப் பெறுவதற்குத் தேவையான தன்னடக்கம் இல்லை. முடிவில் அந்த அஸ்திரம் எங்கே சென்றது? பாண்டவ குலப் பெண்களின் கர்ப்பங்களுக்கு. இன்னும் பிறக்காத குழந்தைகள் மீது.

இருவரும் ஏவினார்கள். இருவரிடமும் சமமான அஸ்திரம் இருந்தது. தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் இடையிலான கோடு, யாரிடம் ஆயுதம் உள்ளது என்பதில் இல்லை. ஏவியதைத் திரும்பப் பெற முடியுமா என்பதில்தான் இருக்கிறது. திரும்பப் பெற முடியாத ஆயுதம், ஏவியவனின் எண்ணம் எத்தகையதாயினும், பிறக்காதவர்கள் மீதே போய் விழுகிறது.

செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணை இவ்வகையைச் சேர்ந்தது. தரையில் நடக்கும் போருக்குப் பிறகு சமாதானம் உண்டு, இழப்பீடு உண்டு, மறுசீரமைப்பு உண்டு. ஆனால் 800 கிலோமீட்டர் உயரத்தில் சிதறிய துண்டை எந்தச் சமாதான ஒப்பந்தமும் திரும்ப அழைக்காது. இன்று சண்டையிடும் அரசுகளும் அவற்றின் காரணங்களும் மறைந்த பின்னரும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

எனவே சட்டம் முதலில் தடுக்க வேண்டியது திரும்பப் பெற இயலாத இந்தச் செயலையே. ஆயுதம் எது என்ற விவாதம் முடியும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதே சமயம், அர்ஜுனனின் அச்சத்துக்கும் சட்டம் விடை சொல்ல வேண்டும். முதலில் அடங்குபவன் ஏமாந்தவன் ஆகிவிடக் கூடாது. வியாசரும் நாரதரும் இடையில் நின்றது போல, அடங்கியவனுக்குக் காப்பாக நிற்பதே சர்வதேசச் சட்டத்தின் பணி. அந்த வலிமை அதற்கு இன்னும் வரவில்லை. 2024 ஏப்ரலில், அணு ஆயுதத்தை விண்ணில் நிறுத்தக் கூடாது என்ற 1967-ஆம் ஆண்டின் கடமையை வலியுறுத்தும் தீர்மானம் பாதுகாப்பு சபைக்கு வந்தபோது, ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் அதைத் தடுத்துவிட்டது.

பாரதத்தின் பங்கு

திருவள்ளுவர் அரசனுக்குரிய அதிகாரங்களை வரிசைப்படுத்தியபோது ‘தெரிந்து செயல்வகை’யை முதலில் வைத்து, அதன் பின்பே ‘வலியறிதல்’ என்பதை வைத்தார். செய்யத்தக்கது எது என்ற தெளிவு முதலில். அதற்குரிய வலிமை நம்மிடம் உண்டா என்ற கணக்கு அடுத்து. இன்றைய உலகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. முடியுமா என்று முதலில் கேட்கிறது. முடிந்துவிட்டால், செய்யலாமா என்று கேட்க மறந்துவிடுகிறது.

பாரதத்துக்கு வலியறிதல் 2019-லேயே முடிந்துவிட்டது. அதன்பின் நாம் அத்தகைய சோதனையை மீண்டும் நடத்தவில்லை என்பது பெருமைக்குரியது. 2030-க்குள் நம் விண்வெளிப் பணிகள் அனைத்தும் குப்பையற்றவையாக இருக்க வேண்டும் என்று இஸ்ரோ 2024-இல் குறிக்கோள் வகுத்தது. அதே ஆண்டு மார்ச்சில், பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டின் கடைசி நிலை வேண்டுமென்றே தாழ்ந்த பாதைக்குக் கொண்டுவரப்பட்டு, எச்சம் ஏதும் விட்டுவைக்காமல் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. 2001-இல் உடைந்த ராக்கெட் நிலையிலிருந்து இங்கு வந்து சேர்ந்திருப்பது சிறிய பயணம் அன்று. தான் ஏவியதற்குத் தானே பொறுப்பு என்ற பண்பு அதில் தெரிகிறது.

இன்னும் பழைய பாரம்பரியம் ஒன்றும் நமக்கு உண்டு. கேரளத்தின் தும்பாவில் ஒரு மீனவக் கிராமத்துத் தேவாலயத்தைச் சுற்றித் தொடங்கிய ராக்கெட் ஏவுதளத்தை 1968 பிப்ரவரி 2 அன்று நம் நாடு ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கு வந்து ஆராய்ந்தனர். வறுமையில் இருந்தபோதும், விண்வெளி அனைவருக்கும் உரியது என்று செயலால் காட்டிய தேசம் இது. வளமும் வலிமையும் பெற்ற பின் அதைச் சொல்ல நமக்கு இன்னும் அதிக உரிமை உண்டு. அதிகக் கடமையும் உண்டு. சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும் என்று கேட்பது சரியே. அது வரும்வரை, உடைக்கும் சோதனையை இனி நடத்த மாட்டோம் என்று நாமே அறிவிப்பது அந்தக் கோரிக்கையைப் பலவீனப்படுத்தாது. அதற்கு அறவலிமையைக் கூட்டும். அஸ்திரம் உள்ளவன் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

இதில் சாதாரணக் குடிமக்களாகிய நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். எந்தத் தேசத்தின் கொள்கையும் அதன் மக்கள் எதைக் கண்டு பெருமிதம் கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தே உருவாகிறது. எதிரியின் கோளை உடைக்க முடியும் என்பதைக் கேட்டு மட்டுமே நம் நெஞ்சு நிமிர்ந்தால், அரசும் அந்த வழியே செல்லும். புயலை முன்கூட்டி அறிந்து மீனவரைக் காத்ததையும், தன் குப்பையைத் தானே அகற்றியதையும் கேட்டு நாம் நிமிர்ந்தால், வழி வேறாகும். நம் பிள்ளைகளுக்கு ராக்கெட் ஏவும் வித்தையைக் கற்பிக்கிறோம். ஏவியதைத் திரும்பப் பெறும் வித்தையையும் சேர்த்தே கற்பிப்போம். அசுவத்தாமனுக்குக் கிடைக்காமல் போனது அந்த இரண்டாவது பாடம்தான்.